பதினோரு பேரில் ஒருத்தி

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். அப்பா இந்த மாதம் இன்னும் வரவில்லை. லாரி எங்கேயோ சரக்குக்காக நிற்கிறதாம், ஆனால் அவரும் சுகம்தான். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? புது ஆபீஸ் நாற்காலி உங்களைப் பழிவாங்குகிறது என்று போனில் சொன்னீர்களாம், அம்மா சொல்லிச் சிரித்தாள்.

இதை ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சமையலறை விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். ஃபிரிட்ஜ் கதவு இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் கத்தும். அதனால் மூடி மூடித் திறக்கிறேன். வாக்கியங்கள் துண்டு துண்டாக இருந்தால் அதுதான் காரணம். என் வியாதி இல்லை.

ஒன்பதாம் வகுப்பு கஷ்டமாக இருக்கிறது. கணக்கு சார் எனக்கு ‘ஆளில்லாத வீடு’ என்று பேர் வைத்திருக்கிறார். “கதவு தொறந்திருக்கு, லைட் எரியுது, உள்ள ஆளக் காணோம்” என்று என் மேசையைத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கணக்கு பலகையிலிருந்து அழிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் தவறியதுபோல அரையாண்டுத் தேர்விலும் கணக்கில் தவறினால் பத்தாம் வகுப்புக்கு அனுப்பமாட்டோம் என்று வகுப்பு மிஸ் டைரியில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வெகு நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது. டாக்டர் நல்லவர்.

பதிலை வீட்டு முகவரிக்கு எழுதவேண்டாம். பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை அக்கா வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். முகவரி பின்னால் இருக்கிறது.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 21

வாலுக்கு,

நான் சுகம். முதுகும் நானும் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம்: நான் மதியத்துக்கு மேல் உட்காருவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஜெராக்ஸ் கடை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நீ கவனித்துக்கொள்.

என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. உன்னைப்போல ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று கண்டுபிடிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓர் ஆலோசகர் மூவரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும். எந்த இடம் என்பதில்தான் சண்டை. இப்போது இருப்பதுபோலப் பெரியாஸ்பத்திரியிலேயே விட்டுவிடலாம். இல்லையென்றால் பள்ளிகளில் ஓர் அறை கேட்டு வாங்கலாம். அல்லது ஊருக்கு ஊர் இருக்கும் சுகாதார நிலையங்களில் வைக்கலாம்.

என் மேசைக்கு எதிரே பெரிய வரைபடம் ஒட்டியிருக்கிறோம். பெயர் பதிந்த பிள்ளைக்கு நீலப் பொட்டு, விடாமல் வருகிற பிள்ளைக்குச் சிவப்புப் பொட்டு. பெயர்களை எங்களுக்குக் காட்டமாட்டார்கள், ஊரும் எண்ணிக்கையும்தான். உங்கள் ஊரில் பதினோரு நீலம். அதில் ஒன்றே ஒன்று சிவப்பு. அது யார் என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு மாதம்கூட விடவில்லை என்று அக்கா சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

மற்ற பத்துப் பேர் ஏன் வரவில்லை? “அக்கறை இல்ல மேடம், அவ்வளவுதான்” என்கிறார் பெரிய டாக்டர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ்ஸில் எப்படிப் போகிறாய், எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய், எல்லாவற்றையும் விவரமாக எழுது. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

உன் சித்தி


ஜூலை 3
(எழுதி அனுப்பாமல் வைத்தது)

அன்புள்ள சித்திக்கு,

எல்லாரும் சுகம். அந்தச் சிவப்புப் பொட்டு நான் இல்லை. நான் இரண்டே முறைதான் போனேன், ஜனவரியிலும் பிப்ரவரியிலும். அதற்குப் பிறகு போகவில்லை. மாத்திரையும் இல்லை. அம்மா உங்களிடம் சொன்னது

அம்மா இருமுகிறாள்.


ஜூலை 5

அன்புள்ள சித்திக்கு,

இங்கே அனைவரும் நலம். நீங்கள் நலமா?

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். காலை ஆறு மணி பஸ்ஸில் போவோம். எனக்கு ஜன்னல் சீட் கிடைத்துவிடும். வழியில் ஒரு பாலம் வரும், நன்றாக இருக்கும். தூரம் தெரிவதே இல்லை. காத்திருக்கும் இடத்தில் மீன் தொட்டி இருக்கிறது, ஆரஞ்சு மீன் மூன்று, கறுப்பு ஒன்று. கறுப்பு மீன் எப்போதும் மூலையில் இருக்கும். டாக்டர் எடை பார்ப்பார், மாத்திரை எழுதுவார். மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். ஒரு சிரமமும் இல்லை.

அம்மாவும் சந்தோஷமாக வருகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்


ஜூலை 25

வாலுக்கு,

நான் நலம், அதைவிட ஒருபடி மேலே. உன் கடிதத்தை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன். பெயரைச் சொல்லவில்லை, “தொலைவிலிருந்து தவறாமல் வரும் ஒரு மாணவி” என்று மட்டும் சொன்னேன். கறுப்பு மீன் வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டாக்டர் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பாத்தீங்களா? மனசு இருந்தா தூரம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு மணி நேரம் பஸ்ல வர்ற சின்னப் பொண்ணே சிரமமில்லன்னு எழுதியிருக்கா.”

உண்மையைச் சொன்னால், நான் சுகாதார நிலையங்களுக்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் நான்தான் ஊதிப் பெரிதாக்கிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. மையம் பெரியாஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. செப்டம்பர் 12 கூட்டத்தில் கையெழுத்தாகும். பிறகு ஐந்து வருடத்துக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

உனக்குப் பழகிய இடம்தானே, நல்லதுதான். இந்த மாதம் போனாயா?

உன் சித்தி


ஆகஸ்ட் 19

வாலுக்கு,

நலமா? பதில் இல்லை. ஜெராக்ஸ் கடை பூட்டிவிட்டதா, பரீட்சையா, காய்ச்சலா? அக்காவுக்குப் போன் செய்தால் “அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா” என்றாள். ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டேன். பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். இரவு ஒன்பதரைக்குப் பால்.

ஒரு வரி எழுதிப் போடு.

சித்தி


ஆகஸ்ட் 24

அன்புள்ள சித்திக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜூலையில் எழுதி அனுப்பாத ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள்.

படித்துவிட்டீர்களா? அதுதான் உண்மை. கறுப்பு மீன் உண்மை. பாலம் உண்மை. ஜன்னல் சீட் பொய், இரண்டு முறையும் நின்றுகொண்டுதான் போனோம். அம்மாவுக்கு மட்டும் பாதி வழியில் இடம் கிடைத்தது. மதியத்துக்குள் திரும்பினோம் என்பதும் பொய். வீடு வந்தபோது இருட்டியிருந்தது.

ஜனவரியில் முதல் முறை போனபோது பஸ்ஸில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அம்மாவோ அப்பாவோ துணை. ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் வகுப்பில் படிக்கிற ஒருவன் பக்கத்திலேயே நின்றான். “எங்க?” என்றேன். “மாமா வீட்டுக்கு” என்றான். “நீ?” என்றான். நானும் “மாமா வீட்டுக்கு” என்றேன். பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் பதினோரு குடும்பமும் இறங்கின. எல்லாருக்கும் ஒரே மாமா.

மார்ச்சில் பஸ் நிறுத்தம்வரை போனோம். பிஸ்கட் கம்பெனியில் அம்மாவின் சூப்பர்வைசர் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்: “மாசாமாசம் லீவுன்னா பேக்கிங்குக்கு வேற ஆள் இருக்கும்மா.” அம்மா யூனிஃபார்மை உள்ளே போட்டு மேலே புடவை சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி பஸ் கூட்டமாக வந்தது. அதன் பின்னாலேயே கம்பெனி வேனும் வந்தது. அம்மா இரண்டையும் பார்த்தாள். வேனில் ஏறிவிட்டாள். நான் வீட்டுக்குத் திரும்பிப் பள்ளிக்குப் போனேன்.

அன்று மாலை அம்மா சொன்னாள்: “சித்திகிட்ட போறோம்னே சொல்லு. எத்தன பேர்கிட்ட பேசி அந்தத் தேதிய வாங்கிக் குடுத்தா. போகலன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல அவ மூஞ்சிய எங்க வச்சுக்குவா?” உங்களுக்காகத்தான் பொய் சொன்னாள் சித்தி. என்னையும் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

நீங்கள் கூட்டத்தில் வாசித்தீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பொய்யால் ஐந்து வருடம் யாருக்கும் எதுவும் பக்கத்தில் வராது. அதனால் ஒரு காரியம் செய்தேன். பஸ்ஸில் பார்த்த முகங்களை நினைவுபடுத்தி ஒவ்வொருவரிடமாகப் போய், “மாமா வீட்டுக்கு இன்னும் போறியா?” என்று கேட்டேன். ஒருத்தி முறைத்துவிட்டுப் போய்விட்டாள். மற்ற ஒன்பது பேரும் பேசினார்கள்.

சிவப்புப் பொட்டு யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பெண், ஆறு மணி பஸ் டிரைவரின் மகள். “எங்கப்பா ஓட்டுற பஸ்தானே. எஞ்சின் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டே போவேன், அடுத்த டிரிப்புல கூட்டிட்டு வந்துடுவாரு. அக்கறையெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்றாள்.

மற்றவர்களில் நாலு பேருக்கு எங்களைப்போலத்தான், வேலைக்குப் போகிற அம்மா அப்பாவுக்கு லீவு இல்லை. ஒருவனின் அப்பா ‘மனநலப் பிரிவு’ என்ற போர்டைப் பார்த்து வாசலிலேயே திரும்பிவிட்டாராம். ஒருத்திக்கு மாதம் ஒரு நாள் போய் வருகைப் பதிவு குறைந்துவிட்டது, மிஸ் திட்டினார். மற்ற இருவர் காரணமே சொல்லவில்லை. தோளைக் குலுக்கினார்கள்.

பள்ளியில் வைக்கலாமா என்றும் கேட்டேன். வேண்டவே வேண்டாம் சித்தி. எங்கள் பள்ளியில் அறை கொடுத்தால் அது குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்து ஸ்டோர் ரூம்தான். ஒருமுறை உள்ளே போய் வந்தால் அடுத்த பீரியடுக்குள் பேர் வைத்துவிடுவார்கள். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒன்பது பேரில் ஏழு பேர் சுகாதார நிலையம் என்றார்கள். அங்கே பல் பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், நாய்க்கடிக்கு ஊசி போடுகிறார்கள். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கோபமா? அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா அடிக்கமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 1

வாலுக்கு,

நான் சுகம். நீ முதலில் சாப்பிடு.

கோபமா என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் இருந்தது. உன் மேல் இல்லை என்று எழுதலாம், ஆனால் நம் குடும்பத்தில் பொய் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. மூன்றாம் நாள் யாருடைய தப்பு அதிகம் என்று கணக்குப் பார்த்தேன். சொந்த அக்கா மகள் எழுதியதை ஒரு வார்த்தை விசாரிக்காமல் கூட்டத்தில் சாட்சியாக வைத்தது நான். சிவப்பைப் பார்த்ததும் நீதான் என்று முடிவு கட்டியதும் நான்தான். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

12ஆம் தேதி எழுந்து நின்று அந்தக் கடிதம் தவறு என்று சொல்வேன். அது உறுதி. ஆனால் தவறு என்று சொன்னால் மட்டும் முடிவு மாறாது. உன் ஆகஸ்ட் கடிதம் வேண்டும். இந்தமுறை ஒழுங்காகக் கொடுக்கவேண்டும்: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் எழுதியதைக் கூட்டத்தில் வைக்கப் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். படிவத்தையும் உன் கடிதத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். பதினொன்றாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும்.

அக்காவுக்கு நானே போன் செய்யலாமா என்று யோசித்தேன். நான் பேசினால் அது ஆபீசர் பேசுவதுபோல ஆகிவிடும். அவளிடம் நான் சொல்லமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. சொல்வதானால் நீதான் சொல்லவேண்டும். முடியாவிட்டால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

சித்தி


செப்டம்பர் 7

அன்புள்ள சித்திக்கு,

சுகம். படிவம் இதோடு வருகிறது.

நாலு நாள் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நீட்டினேன்.

“என்னடி இது?”

“படிச்சுப் பாரும்மா.”

நின்றபடியே படித்தாள். படிவம், பிறகு கடிதம், பிறகு மறுபடியும் கடிதம். துணி தீய்ந்த வாசனை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். யூனிஃபார்ம் காலரில் ஒரு பழுப்பு முக்கோணம் விழுந்துவிட்டது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

“சொல்லாதே சொல்லாதேன்னு ஆயிரம் தடவ சொன்னேனே.”

“ஒரு தடவதாம்மா சொன்ன.”

“வாய் மட்டும் குறையல.” பிறகு கேட்டாள்: “மாத்திரை தீந்து எத்தன மாசம் ஆச்சு?”

“ஆறு.”

“ஒரு வார்த்த கேட்டியாடி நீ?”

“நீ ஷிப்டுல இருந்தம்மா.”

 அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பயந்தபடியே பேசாமல் இருந்தாள், மத்தியானம்வரை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. பாத்திரம் கழுவினாள், பேசவில்லை. நான் போய்க் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டாள்.

“இதனால அவளுக்கு ஆபீஸ்ல ஏதாவது ஆகுமா?”

“தெரியலம்மா.”

“பேனா குடு.”

கையெழுத்துப் போட்டாள். ‘பெற்றோர் கருத்து’ என்று கீழே ஒரு கட்டம் இருந்ததே, அதிலும் ஏதோ எழுதினாள். கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். என்ன என்று கேட்டதற்கு “உனக்கில்ல” என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். இந்தத் தாளை வைப்பதற்காகத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது, ஆனால் படிக்கவில்லை. நிஜமாக.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 20

வாலுக்கு,

நலம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலையில் வாசித்த கடிதம் உண்மையல்ல, எழுதியவள் என் உறவு, நான் விசாரிக்கவில்லை என்று சொன்னேன். கூட்டத் தலைவர் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு நிமிடம் நீளமாக இருந்தது. பிறகு உன் ஆகஸ்ட் கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

“அப்ப தவறாம வர்ற அந்த ஒரு பொண்ணு யாரு?” என்றார் பெரிய டாக்டர்.

“டிரைவர் மக, சார்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு அவரும் சிரித்துவிட்டார். “அக்கறைன்னு நாம சொன்னதுக்கு அவ்வளவுதான் மதிப்பு” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான மனிதர் இல்லை.

கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் தயங்கினார்கள். சுகாதார நிலையத்திலும் காலை ஒன்பது முதல் நாலு மணிதான், அப்போதும் இதே பத்துப் பேர் வரமாட்டார்களே என்றார் ஒருவர்.  உன் படிவத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தலைவர், அக்கா எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்: “எனக்கு ஆறு மணிவரை ஷிப்டு. ஆறரைக்கு மேல் எங்கே வைத்தாலும் கூட்டிக்கொண்டு வருவேன்.”

எட்டு மாதமாக எங்கே, எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை மணிக்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில், செவ்வாயும் வியாழனும், மாலை ஐந்தரை முதல் எட்டரைவரை. நவம்பரில் தொடக்கம். முதலில் ஆறு மாதம் மட்டும். ஆள் வராவிட்டால் மூடிவிடுவார்கள். ஆகவே வா.

இன்னொன்று. அந்தக் கோப்பிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இனி தடுப்பூசிக் கணக்குதான். நியாயமான முடிவு, எனக்கு வருத்தமில்லை. அக்காவிடம் இதைச் சொல்லவேண்டாம்.

சித்தி


நவம்பர் 4

அன்புள்ள சித்திக்கு,

சுகம். அப்பா வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். உங்கள் முதுகுக்குத் தடுப்பூசிப் பிரிவில் நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறார்களா?

அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றீர்கள். சொல்லிவிட்டேன். அம்மா வேலையை நிறுத்தாமல் கேட்டாள். “ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்னு எழுது. பால் பொங்காதுன்னும் எழுது” என்றாள்.

காலாண்டில் கணக்கில் முப்பத்தொன்று. தவறிவிட்டேன். அரையாண்டுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

நேற்று முதல் செவ்வாய்க்கிழமை. கண் பார்க்கிற அறைக்கு அடுத்த அறை. புது போர்டில் ‘அறை 6’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள், மூன்று பேரைத் தெரியும். ஏழு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அம்மா யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள், தலையில் கம்பெனி வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான் ஜாடை காட்டியதும் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

நர்ஸ் புது அட்டை எடுத்துப் பேர், வயது, வகுப்பு எழுதினார். பழைய அட்டை இருக்கிறதா என்றார். அம்மா கொடுத்தாள்.

“ஜனவரியிலயே பதிஞ்சிருக்கீங்க. இதுவரைக்கும் எத்தன தடவ காட்டியிருக்கீங்க?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

“ரெண்டு.”

“ரெண்டா? இந்நேரம் பத்து இருக்கணுமேம்மா.”

“இருக்கணும்” என்றாள் அம்மா. “ரெண்டுதான் போனோம்.”

நர்ஸ் திட்டவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இரண்டு என்று எழுதினார். அடுத்த வரியில் நேற்றைய தேதியைப் போட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதினார்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்